பூஜ்யமும் ஐந்தும் இல்லாத வீடுகள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் வாரியத்தின் அதிகாரி மாடிக்குப் படியேறி வந்தார். அவர் படியேறி வருகிறார் என்றால் யாரோ ஒருவர் படியிறங்கிப் போகப் போகிறார் என்று அர்த்தம். அலுவலகம் அவருக்கு வைத்த பேர் தசமம். எந்தக் கணக்கானாலும் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

மாடியில் புள்ளிவிவர அறை. கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்கும் ஒரு பேர் உண்டு: சதவீதம். அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவள் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்கும் அதே வாரியத்தில்தான் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதிவருகிற பன்னிரண்டு பேரில் ஒருவர். நாலாம் தடம் அவருடையது. பத்தொன்பது வருஷமாக அந்த முந்நூறு வீடுகளைத் தவிர வேறு உலகம் தெரியாது.

தசமம் ஒரு பென்டிரைவை மேசைமேல் வைத்தார்.

“ரெண்டு வருஷத்து ரீடிங் இதுல இருக்கு. பன்னிரண்டு தடமும். யாரோ மீட்டரைப் பாக்காமலே டீக்கடையில உக்காந்து நம்பர் எழுதறாங்கன்னு மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போயிருக்கு. உன் சாஃப்ட்வேர்ல போட்டுக் கண்டுபிடி. எந்தத் தடம் தேறலையோ அந்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை எனக்கு ரிப்போர்ட் வேணும்.”

“சரி சார்.”

“நாலாம் தடமும் இதுல இருக்கு.”

“இருக்கணுமே சார். பன்னிரண்டுன்னு சொன்னீங்களே.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பொய் எண்ணைப் பிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மீட்டரில் ஐந்து இலக்கம் ஓடும். முன்னால் இருப்பவை வீட்டுக்கு வீடு ஒரு மாதிரி இருக்கும். கடைசி இலக்கம் மட்டும் யார் பேச்சையும் கேட்காது. ஆள் குனிந்து பார்க்கிற அந்த நொடியில் அது மூன்றாக இருக்கலாம், ஒன்பதாக இருக்கலாம், பூஜ்யமாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் பத்து இலக்கங்களும் ஏறக்குறைய சமமாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்க வேண்டும். மனிதன் தன் மனசிலிருந்து எடுத்து எழுதினால் அப்படி வராது. மனசுக்குச் சில எண்கள் செல்லப்பிள்ளை, சில எண்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளை.

‘கை’ என்ற கிரேக்க எழுத்தின் பேரில் கை வர்க்கச் சோதனை என்று ஒன்று அவளுடைய மென்பொருளில் உண்டு. இலக்கங்கள் சமமாகப் பரவியிருக்கின்றனவா என்று அதைக் கேட்டால், ஒரு பி-மதிப்பைச் சொல்லும். நேர்மையாக எழுதியிருந்தும் இவ்வளவு கோணல் தற்செயலாக வர எத்தனை வாய்ப்பு என்பதுதான் அந்த மதிப்பு. அது மிகவும் சின்னதாக இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள்.

மத்தியானத்துக்குள் பதினொரு தடங்கள் தேறிவிட்டன. நாலாம் தடத்தைக் கடைசியில்தான் போட்டாள். ஏழாயிரத்து இருநூறு ரீடிங். ஒவ்வொரு இலக்கமும் எழுநூற்று இருபது தடவை வாக்கில் வர வேண்டும். எட்டு இலக்கங்கள் நன்றாகவே வந்திருந்தன. பூஜ்யம் அறுநூற்று இருபத்திரண்டு. ஐந்து அறுநூற்றுப் பத்தொன்பது. பி-மதிப்பு: பத்தாயிரத்தில் ஒன்று.

அவள் மறுபடி ஓட்டினாள். கணினியை அணைத்து, பின்பக்கத் தூசியை ஊதிவிட்டு, இன்னொரு தடவை ஓட்டினாள். தூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கணினி அதே எண்ணைச் சொன்னது.

பிறகு வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடியாத வீடுகள் எத்தனை? நாற்பத்திரண்டு. அந்தப் பட்டியலை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கும்போது ஏதாவது பாட்டை முணுமுணுப்பது வழக்கம். பாட்டு எப்போதும் பாதியில் வேறு பாட்டாக மாறிவிடும்.

“என்னங்க, சும்மா ஒரு அஞ்சு இலக்க நம்பர் சொல்லுங்க.”

“எதுக்கு?”

“கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் வைக்கணும்.”

“முப்பத்தோராயிரத்து நானூத்து இருபத்தேழு.”

“இன்னொண்ணு.”

“பதினெட்டாயிரத்து அறுநூத்து முப்பத்துமூணு.”

“இன்னொண்ணு.”

“எத்தனை பாஸ்வேர்ட்மா வைப்பே? ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்தானே இருக்கு?”

“சொல்லுங்களேன். வாய் என்ன வாடகைக்கா எடுத்திருக்கு?”

சொன்னார். எண்ணைச் சொல்வதில் அவருக்கு ஒரு சரளம் இருந்தது. பழகிய கை. பீன்ஸ் தீரப்போகும்போது முப்பது எண் ஆகியிருந்தது. அவள் துணிக்கடை ரசீதின் பின்பக்கம் குறித்ததை ஒருமுறை பார்த்தாள்.

“முப்பது சொன்னீங்க. ஒண்ணுகூடப் பூஜ்யத்துல முடியலை. ஒண்ணுகூட அஞ்சுல முடியலை.”

“முடிஞ்சா நம்ப மாட்டாங்களே!” என்றார் அவர். “பூஜ்யமும் அஞ்சும் போட்டா சும்மா அடிச்சுவிட்ட மாதிரி இருக்கும்ல?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கே எட்டியது. கத்தி காற்றில் நின்றது.

அவள் பட்டியலை எடுத்து நீட்டினாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. முப்பத்தேழாவது வீட்டுக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது.

“இது அபாண்டம்! இந்த வீட்டுல நாயே கிடையாது. ஒரு கிளி இருக்கு, அதுவும் நல்ல மாதிரி. ரெண்டு வருஷமும் குனிஞ்சு பாத்துத்தான் எழுதினேன்.”

“அப்ப மத்த நாப்பத்தொரு வீட்டுலயும் நாய் இருக்கு.”

அவர் பட்டியலை மடித்து, மறுபடி பிரித்தார்.

“நேர்மையா எழுதினாலும் முந்நூறு வீட்டுல ஒண்ணு ரெண்டு இப்படித் தற்செயலா மாட்டும். கணக்குலயே அது உண்டு,” என்றாள் அவள்.

“அப்ப உன் கணக்கும் பொய் சொல்லும்னு சொல்லு.”

“எத்தனை தடவை சொல்லும்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் சொல்லும். உங்களை மாதிரி இல்லை.”

கடைசியில் கதை வெளியே வந்தது. எத்தனையோ வருஷம் முன்பு ஒரு நாய் அவருடைய கால்சட்டையைப் பின்பக்கம் பாதி கிழித்துவிட்டது. மீதிப் பாதியைக் கையால் பிடித்துக்கொண்டே பன்னிரண்டு வீடு கணக்கெடுத்திருக்கிறார். அன்றைக்கு முடிவு செய்ததுதான். நாய் வந்த வீட்டுக் கதவை அதன் பிறகு அவர் தொட்டதில்லை.

“ஆனா கண்ணை மூடிக்கிட்டு எழுதறவன்னு நினைக்காதே. காம்பவுண்டுச் சுவருக்கு மேல எட்டிப் பாப்பேன். கொடியில எத்தனை சட்டை, எத்தனை சின்னச் சட்டை, வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு, முற்றம் ஈரமா காய்ஞ்சிருக்கா, எல்லாம் பாத்துத்தான் போடுவேன். விருந்தாளி வந்த மாசம் ரெண்டு யூனிட் ஏத்துவேன். ஊருக்குப் போயிருந்தா குறைப்பேன். மனசாட்சி இல்லையா எனக்கு?”

“மனசாட்சி சுவருக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு போல.”

அவர் எழுந்து நறுக்கிய பீன்ஸை வாணலியில் கொட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, பழைய ரீடிங்ல அங்கங்க கொஞ்சம் பூஜ்யம், கொஞ்சம் அஞ்சு தூவிடேன். உப்பு போடற மாதிரி. யாருக்குத் தெரியப்போகுது?”

“இறக்கி வெச்ச பிறகு போட்ட உப்பு கல்லு கல்லா வாயில தட்டும். எனக்கு வேண்டாம் அந்த வேலை.”

“அப்ப வேலை போயிடுமா?”

“போயிடும்,” என்றாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. அன்றைக்கு வாணலியில் பீன்ஸ் கருகியதை இருவருமே கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாகத் தசமத்தின் அறைக்குப் போனாள். நாலாம் தடம் தேறவில்லை, நாற்பத்தொரு வீட்டு ரீடிங் கற்பனை, காரணம் நாய் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

தசமம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நாய்னு அவர் சொல்றார். வேண்டப்பட்டவங்களுக்குக் குறைச்சு எழுதிக்கொடுத்தார்னு நான் சொன்னா?”

“அதைச் சோதிச்சுப் பாக்கலாம் சார். நாப்பத்தொரு வீட்டுலயும் இப்ப இருக்கற உண்மையான ரீடிங்கை எடுக்கறேன். அவர் எழுதினதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாப்போம். சலுகை காட்டியிருந்தா எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும். வெறும் ஊகம்னா கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய, நடுவுல நிறைய, ஓரத்துல கம்மியா, மணி கவுத்த மாதிரி வரும்.”

“நீ எடுத்துட்டு வந்தா நான் எப்படி நம்பறது? அவர் உன் வீட்டுக்காரர்.”

“ஒவ்வொரு மீட்டரையும் போட்டோ எடுத்துட்டு வரேன்.”

“மணி வரலைன்னா?”

“நீங்க சொன்னபடிதான் சார்.”

“வந்தா யோசிக்கறேன். யோசிக்கறேன்னுதான் சொன்னேன்,” என்றார் தசமம்.

இரண்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். நாலு அண்ணன்களுக்குக் கீழே வளர்ந்தவளுக்கு நாய் எம்மாத்திரம்! கதவைத் திறந்ததும் குரைத்துக்கொண்டு வரும் நாயிடம், “போதும், போதும், சத்தம் போட்டது எல்லாருக்கும் கேட்டுடுச்சு,” என்று சொல்லிக்கொண்டே மீட்டரை நோக்கி நடப்பாள். நாய் குழம்பிப்போய்க் கூடவே நடக்கும். அவர் தெருவில் நின்றபடி சுவருக்கு மேல் தலையை நீட்டி வழி சொல்வார்.

“இடது பக்கம்! குழாய்க்குக் கீழே! மூடியைத் தூக்கு!”

“உள்ள வந்ததே இல்லைன்னீங்க, இடம் மட்டும் எப்படித் தெரியும்?”

“நாய் வர்றதுக்கு முன்னாடி வந்திருக்கேன்ல!”

தையல்காரி ஒருத்தி வாசலுக்கு வந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்கதான் மீட்டர்காரரா? ரெண்டு வருஷமா ஆளையே காணோம், பில்லு மட்டும் வருது. மீட்டர் தானா போய்ச் சொல்லிடுதோன்னு நினைச்சேன்,” என்றாள். அவர் நெடுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். இன்னொரு வீட்டில் அவரைப் பயமுறுத்திய நாய் செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. குரைத்தது பக்கத்து வீட்டு நாய்.

“அப்ப எட்டு மாசமா அடுத்த வீட்டு நாய்க்குப் பயந்திருக்கீங்க,” என்றாள் அவள்.

“சத்தத்துல என்ன பேரா எழுதியிருக்கு?”

வியாழக்கிழமை மாடி அறையில் உட்கார்ந்து எண்களை ஏற்றினாள். அவர் வேலைக்குப் போகாமல், தண்ணீர் குடிக்க வந்த சாக்கில் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு வீட்டில் ஏழு யூனிட் கூட, ஒன்றில் பன்னிரண்டு குறைய, ஒன்றில் இரண்டு கூட. இரண்டு வருஷத்துக் கணக்கில் நாற்பது வீடுகளும் முப்பது யூனிட்டுக்குள் அடங்கின. சராசரி ஒன்றுக்குப் பக்கத்தில். நடுவில் உயரம், இரண்டு பக்கமும் சரிவு. யாரோ பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல அழகாக இருந்தது.

“பாத்தியா! சட்டையை எண்ணறது சும்மாவா!” என்று அவர் அவள் தோளைத் தட்டினார்.

“இருங்க.”

நாற்பத்தொன்றாவது வீடு திரையின் ஓரத்தில், சொந்தக்காரர்கள் யாருமே பேசாத ஆள் மாதிரி, தனியாக நின்றது. அங்கே அவர் எழுதியதைவிட மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட் அதிகம் ஓடியிருந்தது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் லிட்டர். அந்த வீட்டையும் சேர்த்துச் சோதித்தால், மணி வடிவத்துக்குப் பொருந்தவில்லை என்று மென்பொருள் அடித்துச் சொன்னது. பி-மதிப்பில் தசமத்துக்குப் பிடித்த நாலு இலக்கமும் பூஜ்யம்.

“இந்த ஒண்ணைத் தூக்கிடேன்,” என்றார் மெதுவாக.

“காரணம் தெரியாம எதையும் தூக்கக் கூடாது. இது ஒண்ணு போதும் அவருக்கு. ரெண்டு லட்சம் லிட்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டீங்கன்னுதான் சொல்லுவார். யார் வீடு இது?”

“கடிகாரம் ரிப்பேர் பண்றவர் வீடு. ஒண்டிக் கட்டை. கொடியில எப்பவும் ஒரே சட்டை. ஒரு செடி கிடையாது. அவருக்கு ஆறு யூனிட்டுக்கு மேல போட்டா பாவம்மா.”

“அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“சத்தியமா தெரியாது. அவர் நாயைத்தான் தெரியும்.” அவர் குரல் உடைந்திருந்தது. அவள் முதல் தடவையாக அவருக்காகப் பயந்தாள்.

வெயில் ஏறிய நேரத்தில் இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். புதன்கிழமை காலையில் இதே வீட்டுக்கு வந்து மீட்டரைப் படம் எடுத்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது. இப்போது பின்பக்கமிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பல வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நாய் இருக்கிற வீட்டில் அவரும் கதவைத் தாண்டிப் பின்னாலேயே வந்தார், அவளுடைய முந்தானையைப் பிடிக்காத குறையாக.

பின்முற்றத்தில் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே கன்றுக்குட்டி அளவு பழுப்பு நாய் ஒன்று, கண்ணை மூடி, தலையில் தண்ணீர் விழ, தவத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் முக்காலியில் கடிகாரக்காரர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு, ஏதோ ஒரு கடிகாரத்தின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார்.

“தினமும் இப்படித்தானா ஐயா?” என்று அவள் கேட்டாள்.

“தினமும் மத்தியானம் அரை மணி நேரம். அரை மணின்னா அரை மணி, அதுக்கு முன்னாடி மூடினா ராத்திரி சோத்தைத் தொடாது. அதுக்கு நேரம் தெரியும். என் கடையில இருக்கற எதுக்கும் தெரியாது.”

“இவர் உங்க வீட்டுக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?” என்று நாயைக் காட்டினாள்.

“யாரு, இந்தத் துரையா? ரெண்டு வருஷம் இருக்கும்.”

அவள் ஒரு பத்து லிட்டர் வாளியைக் கேட்டு வாங்கி, நாய் அனுமதித்த இடைவெளியில் குழாய்க்குக் கீழே வைத்தாள். கடிகாரக்காரர் நேரம் பார்த்தார். சரியாக ஒரு நிமிஷத்தில் நிரம்பியது.

“நாளைக்கு முந்நூறு லிட்டர். மாசத்துக்கு ஒம்பது யூனிட். இருபத்துநாலு மாசத்துக்கு இருநூத்துப் பதினாறு,” என்றாள்.

அவர் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “சட்டையை எண்ணினேன், செருப்பை எண்ணினேன்,” என்றார். “நாயை எண்ணாம விட்டுட்டேனே!”

நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. அவர் உடனே எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தசமம் அறிக்கையை இருபது நிமிஷம் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த நாயின் படத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

“இருநூத்துப் பதினாறுன்னு உன் கணக்கு. மீட்டர் இருநூத்துப் பன்னிரண்டு. நாலு யூனிட் உதைக்குதே.”

“மழை நாள்ல குளிச்சிருக்காது சார்.”

அவர் உதடு ஒரு பக்கம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதான் என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை சாதித்திருக்கிறாள்; அலுவலகத்தில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. நாலாம் தடத்தைக் கூப்பிடச் சொன்னார். அவர் வந்து நின்றார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“உன் தப்பு எந்தப் பக்கமும் சாயலை,” என்றார் தசமம். “அதனால உன்னை வீட்டுக்கு அனுப்பலை. ஆனா தப்பு தப்புதான். ஒரு வருஷம் இன்கிரிமெண்ட் கிடையாது. அடுத்த மாசத்துல இருந்து அந்த நாப்பத்தொரு மீட்டரையும் மாசாமாசம் நீயே உள்ள போய், நீயே போட்டோ எடுத்து, என் மேசைக்குக் கொண்டுவரணும். உன் சம்சாரம் எடுத்தா செல்லாது.”

அவர் அறிக்கையில் ஒட்டியிருந்த நாயின் படத்தைப் பார்த்தார்.

“சார், ஒரு வேண்டுகோள். ரெண்டு வருஷ இன்கிரிமெண்டை நிறுத்திட்டு, போட்டோவை மட்டும் விட்டுட முடியுமா?”

“வெளிய போய்யா.”

சாயங்காலம் இருவரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் பேச முடியாது. பாதித் தெரு வரைக்கும் அவர் பாட்டுக்கூட முணுமுணுக்கவில்லை.

“ஒண்ணு கேக்கறேன்,” என்றாள் அவள். “நாய்னா பயம்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? இத்தனை வருஷமா மூச்சு விடலையே.”

“நாய்க்குப் பயந்தவன்னு தெரிஞ்சுட்டா, மத்ததுக்கெல்லாம் நான் தைரியசாலின்னு நீ நம்பறதும் போயிடுமேன்னுதான்.”

“நான் எப்ப நம்பினேன்?”

அவர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, நாலு நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வருவதுபோலச் சிரித்தார். அந்தச் சத்தத்தில், தபால் பெட்டிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் சிரிப்பை நிறுத்தாமலேயே இரண்டடி பின்னால் வைத்து, அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்த பதினாறு வருஷமும் அவர்கள் அப்படித்தான் நடந்தார்கள். நாய் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் அவள்.